தர்மகர்த்தா உருட்டிய தாயம்

“அண்ணாச்சி, உங்க மாடியில குடியிருக்க வாத்தியாரு பட்டப்பகல்ல சூதாடுகாரு. பொண்டாட்டியும் கூட.”

எதிர்வீட்டு பகவதியம்மாள் சொல்லி முடிப்பதற்குள் வள்ளிநாயகம் பிள்ளை மாடியேறிவிட்டார். பூதப்பாண்டியில் அம்மன் கோயில் தர்மகர்த்தா அவர். போன கொடைத் திருவிழாவில் சீட்டாடியவர்களைப் பந்தலை விட்டே விரட்டியவர்.

மாடியில் காலேஜ் வாத்தியார் சிவதாணு தரையில் கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஒரு புளியங்கொட்டை வைத்திருந்தார். எல்லாம் ஒரு பக்கம் வெள்ளையாக உரசியவை. மாசமாயிருந்த மனைவி உலகம்மை தாயக்கட்டையை உருட்டிக்கொண்டிருந்தாள்.

“இது என்ன சாரே?”

“காந்தம், அண்ணாச்சி.”

“புளியங்கொட்டையா?”

“ஒவ்வொண்ணும் ஒரு அணுன்னு வச்சுக்கிடுங்க. அணு ஒரு குட்டிக் காந்தம். மேல பாக்கும், இல்ல கீழ பாக்கும். நடுவுல நிக்காது. பக்கத்துல உள்ளது பாக்குத பக்கமே பாக்கணும்னு நினைக்கும். சூடு ஏறுனா இஷ்டத்துக்குப் புரளும். அந்தச் சூட்டுக்குப் பதிலாத்தான் தாயக்கட்டை. எந்தச் சூட்டுல காந்தம் செத்துப்போவும்னு பாக்கேன். அமெரிக்காவுல இதுக்கு கம்ப்யூட்டர்னு ஒரு மெஷின், அறை முழுக்க இருக்குமாம். எனக்கு உலகம்மைதான்.”

பிள்ளை இறங்கிப் போனார்.

மறுநாள் சாயங்காலம் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

“நீ போய்ப் படு மக்கா. நான் உருட்டுகேன்.”

பிறகு தினமும் வந்தார். தெருவுக்கே கேட்கும்படி உருட்டினார். ‘தாயம், தாயம்’ என்று கூவல் வேறு.

“ஊரை விரட்டுன மனுசனுக்கு உள்ளுக்குள்ள இவ்வளவு ஆசை, பாத்தியா?” என்றார் சிவதாணு.

“ஆடட்டும், பாவம்,” என்றாள் உலகம்மை.

ஊரும் சிரித்தது. அடுத்த கோயில் கூட்டத்திலேயே தர்மகர்த்தா பதவி வேறொருவருக்குப் போயிற்று. பிள்ளை வழக்கம்போல மாடிக்கு வந்தார். சிவதாணு சங்கடத்தோடு தாயக்கட்டையை எடுத்துக் கொடுத்தார்.

உலகம்மைக்குப் பெண் குழந்தை பிறந்தது. கொஞ்ச நாளில் கணக்கும் முடிந்தது.

“அண்ணாச்சி, இனி உருட்ட வேண்டாம். தாயக்கட்டைய நீங்களே வச்சுக்கிடுங்க. உங்களுக்குத்தான அதுல பிரியம்.”

“பிரியமா? தூக்கி எறியும் வே. கை வீங்கிப் போச்சு.”

“பின்ன எதுக்கு தினமும்...?”

பிள்ளை தொட்டிலை ஒருமுறை எட்டிப் பார்த்தார்.

“மொத நாளே ஊர்க்காரங்க வந்து, உம்மைக் காலி பண்ணச் சொன்னானுவ. புளியங்கொட்டை அணுன்னா அவனுவளுக்கு வெளங்குமா? எனக்கே வெளங்கல. உலகம்மை தாயில்லாப் பிள்ளை, மாசமா வேற இருந்தா, எங்க போவா? கட்டையும் என்னுது, ஆட்டமும் என்னுது, வாத்தியாருக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிட்டேன்.”

“அண்ணாச்சி...”

“சொன்னா மட்டும் நம்புவானுவளா? ஆடிக் காட்டணும்லா.”