கசில்டாவுக்கான ஜெபம்

ஹோண்டுராஸ் மலைக்கிராமத்துச் சபைக்குப் புதிதாக வந்த பாஸ்டர் அப்தியாஸுக்கு ஒரே ஆச்சரியம். காப்பித் தோட்ட வரப்புக்காக வெட்டுக்குத்துவரை போன அண்ணனும் தம்பியும்கூட, காய்ச்சலில் விழுந்து வருஷக்கணக்காகப் படுத்த படுக்கையாகக் கிடந்த கசில்டாவின் கட்டிலருகே தினமும் ஒன்றாக முழங்காலிட்டு ஜெபித்தார்கள்.

"ஞாயித்துக்கிழமை சபையே உபவாசம் இருக்கப்போகுதும்மா. நீங்க எழுந்து நடப்பீங்க," என்றார் கசில்டாவிடம்.

"அந்தக் கதவைக் கொஞ்சம் சாத்துங்க, பாஸ்டர்."

சாத்தினார். கசில்டா போர்வையை உதறிவிட்டு எழுந்தாள். விறுவிறுவென்று அடுப்படிக்குப் போய் அவருக்குக் காப்பி கொண்டுவந்தாள்.

"காய்ச்சல் விட்டு மூணு வருஷமாச்சு. நான் எழுந்தா இந்த ஊர்ல ஜெபமே நின்னுடும். இவனுங்க மறுபடி அரிவாளைத் தூக்குவானுங்க. கெடுத்துடாதீங்க."

வாசலில் அண்ணனும் தம்பியும் காத்திருந்தார்கள். "எப்படி இருக்காங்க, பாஸ்டர்?"

அப்தியாஸ் மீசையில் ஒட்டியிருந்த காப்பியைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னும் நிறைய ஜெபம் வேணும்."