அசையாத வண்டு

என் படங்கள் எல்லாமே கலங்கலாகத்தான் வந்தன. மாலைப் புகைப்பட வகுப்பில் ஸ்டாண்டு கூடாது; கேமராவைக் கையில் பிடித்து, மூச்சை அடக்கித்தான் பூச்சிகளை எடுக்க வேண்டும். காற்று என்றேன். "எந்தக் காத்தும்மா? எனக்கு இங்க வேர்த்து ஊத்துது," என்றார் தணிகைவேல் சார்.

அதனால் காரணங்களை ஒவ்வொன்றாக நீக்கினேன். வண்டு வந்து உட்காரும் எங்கள் வீட்டுச் செம்பருத்திக் கிளையைக் குச்சியோடு சேர்த்துக் கட்டினேன். முழங்கைகளை விலாவில் ஒட்டிக்கொண்டேன். மிச்சம் இருந்தது வண்டின் அசைவு. வகுப்புத் தோழி ரெஜினா சொன்னபடி அதை டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தேன். குளிரில் மரத்துப்போய் அப்படியே இருக்குமாம்.

அம்மா திறந்து பார்த்து அலறினாள். "மாவுக்குப் பக்கத்துல பூச்சியாடி? இதையும் உங்கப்பாவுக்கு ஊட்டிவிடவா?"

அப்பாவின் கையில் ஸ்பூன் நிற்காது. அவருடைய அப்பாவுக்கும் நடுக்கம் அப்படித்தான் வந்ததாம். அதனாலேயே என் படங்களை வீட்டில் காட்டுவதில்லை.

வண்டை இலைமேல் வைத்தேன். அது அசையவே இல்லை. எடுத்த படத்தைப் பெரிதாக்கினேன். வண்டு இரண்டாகத் தெரிந்தது.

பின்னால் அப்பா வந்து நின்றிருந்தார். "நல்லா வந்துச்சாம்மா?"

"வண்டு நகந்துருச்சுப்பா."

அவர் குனிந்து, கால்களை மடக்கிச் செத்துக் கிடந்த வண்டை வெகுநேரம் பார்த்தார். என் கையைப் பார்க்கவில்லை.

"நானும் மொதல்ல பேனாவத்தான் மாத்திக்கிட்டே இருந்தேன்," என்றார்.