தலை வெட்டாத கேமரா

கண்ணாடி மேசைமேல் இருந்த கறுப்புக் கேமராவின் மீது இரண்டு கைகள் ஒரே நேரத்தில் விழுந்தன. ஒன்று பெரியவருடையது. மற்றது, அவர் வந்து சற்று நேரம் கழித்துக் கடைக்குள் நுழைந்த அம்மாளுடையது.

"தம்பி, இது என் கைக்குத்தான் வரணும்" என்றார் பெரியவர், விறைப்பாக.

"அதெல்லாம் நடக்காது. என் கைக்குத்தான் வரணும்" என்றார் அம்மாள், அவரைவிட விறைப்பாக.

விற்பனையாளன் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தான். அந்த நடுத்தர ரகத்தில் கடையில் இருந்தது அது ஒன்றுதான். "இன்னிக்கும் ஒரு கேமரா விக்கலேன்னா, நாளையிலேர்ந்து நீ செல்போன் உறை விக்கிற மேசைக்குப் போயிடு" என்று காலையில்தான் முதலாளி சொல்லியிருந்தார். லென்ஸைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டத் தெரிந்தவனுக்கு அதைவிட அவமானம் வேறென்ன? ஒருவருக்குக் கொடுத்தால் மற்றவர் கடையை இரண்டாக்கிவிடுவார் போலிருந்தது.

முதலில் அம்மாளைத் திசை திருப்பப் பார்த்தான். "அம்மா, இந்தச் சின்னதைப் பாருங்க. விலையும் கம்மி."

"குழந்தை ஓடினா ஒழுங்கா எடுக்குமா?"

"ஓடாம இருந்தா ரொம்ப நல்லா எடுக்கும்மா."

"ஓடாத குழந்தைய எதுக்குப்பா எடுக்கணும்? பொம்மைய எடுத்துட்டுப் போயிடலாமே."

அவன் பெரியவர் பக்கம் திரும்பி, இருப்பதிலேயே பெரிய கேமராவை அவர் கையில் வைத்தான். அவருடைய தோள் ஒருபக்கமாகச் சாய்ந்தது. "இதைத் தூக்க ஒரு ஆள், எடுக்க ஒரு ஆளா? தொழிலா எடுக்கிறவனுக்குக் குடு. எனக்கு வீட்டு ஆளுங்க முகம் தெரிஞ்சா போதும்."

இருவர் பார்வையும் பழையபடி நடுவில் இருந்ததற்கே வந்தது. குடும்பம் என்று ஒன்று இருந்தால், சுவரில் அதன் முகம் முழுசாக இருக்கவேண்டும். அந்த விஷயத்தில் இருவருமே விட்டுக்கொடுக்கிற ரகம் இல்லை.

"இதுல அப்படி என்ன விசேஷம்? அவருக்கும் கேக்கற மாதிரி சொல்லு" என்றார் அம்மாள்.

"கண்ணு வெச்சுப் பாக்கிற இடத்துல என்ன தெரியுதோ, அது அப்படியே படத்துல விழும்மா. தலை வெட்டுப்படாது."

"அதான் வேணும்! போன தடவை எடுத்த குடும்பப் படத்துல எனக்குத் தலையே இல்ல. அதைப் பெரிசு பண்ணி முன்னறையில மாட்டி வேற வெச்சிருக்கு. சம்பந்தியம்மா பாத்துட்டு, 'இந்தப் புடவைய எங்கயோ பாத்திருக்கேனே'ங்கறாங்க. இதைவிட மானக்கேடு வேணுமா? ஞாயித்துக்கிழமை பேரனுக்குப் பிறந்த நாள். இந்தத் தடவை நானேதான் எடுக்கப் போறேன்."

பெரியவர் கூரையைப் பார்த்தார். "எடுக்கிறவன் மேல பழி போடறது சுலபம் தம்பி. நிக்கிறவங்க நிக்கிற இடத்துல நின்னா தலை ஏன் வெட்டுப்படுது?"

"பின்னே, தலையைக் கழட்டிக் கையில வெச்சுக்கிட்டா நிப்பாங்க? நீ சொல்லு தம்பி. தலை போறது கேமராவாலயா, எடுக்கிற ஆளாலயா?"

விற்பனையாளன் இருவருக்கும் பொதுவாகச் சொன்னான்: "பாதி கேமரா, பாதி ஆளும்மா."

இருவருமே அவனை முறைத்தார்கள்.

பெரியவர் பெட்டியை எடுத்து, பக்கவாட்டில் இருந்த பொடி எழுத்துகளைப் படிக்க முயன்றார். கிட்டே பிடித்தார், எட்டப் பிடித்தார், சட்டைப்பையைத் தடவினார். அம்மாள் அவர் பக்கம் திரும்பாமலே கைப்பையிலிருந்து ஒரு மூக்குக்கண்ணாடியை எடுத்து மேசைமேல் தள்ளினார். அவரும் திரும்பாமலே அதை எடுத்து மாட்டினார். அளவெடுத்துச் செய்ததுபோல் மூக்கில் உட்கார்ந்தது. படித்து முடித்து, வந்த வழியே தள்ளிவிட்டார்.

மல்லுக்கு நிற்கிறவருக்கும் கண்ணாடி கொடுக்கும் பெருந்தன்மையைக் கண்டு விற்பனையாளன் மனசுக்குள் கும்பிட்டான். இப்பேர்ப்பட்டவர்களில் ஒருவரை எப்படி வெறுங்கையோடு அனுப்புவது? சட்டென்று யோசனை பிறந்தது. உள்ளே ஓடி முதலாளிக்கு போன் போட்டான்.

"முதலாளி, ஒண்ணு இல்ல, ரெண்டு போகுது! உங்க இன்னொரு கடையில இதே கேமரா இருந்தா உடனே வேணும்."

இருவருக்கும் நாற்காலி போட்டான். பெரியவர் தன்னுடையதை வாசலைப் பார்த்துத் திருப்பிக்கொண்டார். அம்மாள் சுவரைப் பார்த்துத் திருப்பிக்கொண்டார்.

முதலாளியே வந்துவிட்டார். வெயிலில் வண்டி ஓட்டி வந்ததில் சட்டை முழுக்க நனைந்திருந்தது. பெட்டியைக் கைக்குழந்தைபோல அணைத்திருந்தார். வந்தவர் விற்பனையாளனின் தோளில் தட்டி, "நீ இந்த மேசையிலேயே இருடா" என்றார். அவன் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்தக் கை அவன் தோளில் பட்டதே இல்லை.

அவன் இரண்டு பெட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். முகமெல்லாம் பல்.

"ஐயாவுக்கு ஒண்ணு, அம்மாவுக்கு ஒண்ணு! இனிமே சண்டையே இல்ல."

இருவரும் பெட்டிகளைப் பார்த்தார்கள். பிறகு, கடைக்குள் வந்ததிலிருந்து முதன்முறையாக, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் அவன் பக்கம் திரும்பி, ஒரே குரலில் கேட்டார்கள்:

"ஒரே வீட்டுக்கு எதுக்குப்பா ரெண்டு?"