சுவரைப் பார்த்த கேமரா

கிர்ர்ர்...

விளக்கு வைத்த நேரம். பாலை இறக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றேன். மூன்றாவது நாளாக அதே சத்தம்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். தொட்டிலைப் பார்த்திருந்த கேமரா, தானாகவே கழுத்தைத் திருப்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் திருப்பி வைத்தேன். மறுபடி கிர்ர்ர்.

கான்வென்ட்டில் சிஸ்டர் சொல்லிக்கொடுத்த ஜெபம் வாயில் வந்தது.

"இன்னிக்கும் செவுருதானா தேவி?"

நேற்று குவைத்திலிருந்து என் வீட்டுக்காரர் கேட்டது காதிலேயே நின்றது. பாப்பா பிறந்தபோது அவர் இங்கே இல்லை. ஏழு மாதமாகிறது, இன்னும் ஒருமுறைகூடத் தூக்கியதில்லை. டூட்டி முடிந்து, நம் எட்டு மணிக்குச் செல்லைத் தலையணையில் சாத்திவைத்து, பாப்பா தூங்குவதைப் பார்த்துக்கொண்டே தானும் தூங்குவார்.

"அவ மூச்சு விடறப்ப வயிறு ஏறி எறங்கும் பாரு, அதைப் பாத்தாத்தான் எனக்குத் தூக்கமே வருது."

மூன்று நாளாக அந்த மனுஷன் சுவரைப் பார்க்கிறார்.

கதவு தட்டும் சத்தம்.

"யாரு?"

"நெட்டு கனெக்‌ஷன் தமிழழகன்மா. ரவுட்டரைப் பாக்கணும். அஞ்சு நிமிஷம்."

இவனேதான். நேற்றும் வந்தான், முந்தாநாளும் வந்தான். "அவர் தூங்குறார், அப்புறம் வாங்க" என்று உள்ளேயிருந்தே அனுப்பிவிட்டேன். தனியாக இருப்பது தெரியக்கூடாதென்று அவருடைய பழைய செருப்பை வாசலிலேயே போட்டு வைத்திருக்கிறேன். கரியாலூரில் மாமியார் வீட்டில் சாமை அறுப்பு. யாரும் மலையிறங்கி வர முடியாது.

இந்தக் கேமராவை மாட்டியதும் இவன்தான். கேமரா திரும்ப ஆரம்பித்த நாளிலிருந்து வருகிறான். வேறென்ன சாட்சி வேண்டும்?

கீழ்வீட்டு ராஜாம்பாள் அக்காவைச் செல்லில் கூப்பிட்டேன். துடைப்பத்தோடு மாடியேறி வந்தார்.

"இன்னாய்யா, பொம்பள தனியா இருக்குற வூட்டாண்ட டெய்லி இன்னா வேலை உனுக்கு?"

போச்சு! மறைத்ததையெல்லாம் அக்காவே தெருவுக்குச் சொல்லிவிட்டார். கதவைத் திறந்தேன்.

நாற்பது வயதிருக்கும். கழுத்தில் ஐ.டி. கார்டு, கையில் லேப்டாப்.

"மெதுவா பேசுங்கக்கா" என்றார் தமிழழகன். "இந்த மாடல் ரவுட்டர்ல ஒரு ஓட்டை இருக்கும்மா."

"ஓட்டையா? தண்ணியா ஒழுவுது?" என்றார் அக்கா.

"லைன் சரியா இருக்கான்னு பாக்க இதுல ஒரு கட்டம் இருக்கு. அதுல ஒரு விலாசம் அடிக்கணும். அதுக்குப் பின்னால ஒரு குறி போட்டு, கூடவே ஒரு உத்தரவும் எழுதினா, இந்தப் பெட்டி விலாசம் எது, உத்தரவு எதுன்னு பாக்காது. சொன்னதை அப்படியே செஞ்சிடும். கூரியர் கவர்ல விலாசத்துக்குக் கீழ 'பீரோவைத் தொற'ன்னு எழுதியிருந்தா, தொறந்து வுடற ஆளு மாதிரி. பாஸ்வேர்டுகூட கேக்காது. எங்கியோ இருக்குறவன் உள்ள பூந்து கேமரா வரைக்கும் வந்துடலாம்."

தொட்டிலை ஒருமுறை பார்த்துக்கொண்டு கேட்டேன்.

"ஏன் போன்ல சொல்லல?"

"ஆபீஸ்ல வெளிய சொல்லாதன்னுட்டாங்க. ஜனங்க கனெக்‌ஷனை வேணாம்னுடுவாங்களாம். அதான் டூட்டி முடிஞ்சப்புறம், தியாகதுருகத்துல இருந்து வூடு வூடா போய்க்கினு இருக்கேன். வயர் மாட்டித்தான் அடைக்கணும். வாசல்ல நின்னு இதைக் கத்தவா முடியும்?"

அக்கா துடைப்பத்தை இறக்கினார். "இன்னாமோ போங்க. எனுக்கு அடுப்புல கொழம்பு" என்று இறங்கிப் போனார். கதவு திறந்தே இருந்தது.

தமிழழகன் வயரை மாட்டினார். ரவுட்டரில் விளக்குகள் அணைந்து, ஒவ்வொன்றாக எரிந்தன.

"ஓட்டையை அடைச்சாச்சு. ரவுட்டருக்கும் கேமராவுக்கும் புதுப் பாஸ்வேர்டு நீங்களே போடுங்கம்மா."

சொல்லிவிட்டு எழுந்துபோய், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். நான் முடித்தேன் என்று சொல்லும்வரை திரும்பவில்லை.

வாசலில் தன் செருப்பைத் தேடும்போது சொன்னார்: "சாரோட செருப்பை ரெண்டு நாளைக்கு ஒரு தபா எடம் மாத்தி வைங்கம்மா. மேல இருக்குற தூசி காட்டிக் குடுக்குது."

சிரிப்பு வரவில்லை எனக்கு. "மூணு நாளா கேமராவைத் திருப்பினவன் யாருன்னு தெரியுமா? போலீசுல எழுதிக் குடுக்கணும்."

அவர் நிமிரவில்லை.

"தமிழழகன்னு எழுதுங்கம்மா."

"என்னது?"

"அந்த ஓட்டை வழியா எவன் எவனோ வந்துகினு இருந்தான். நீங்க கதவைத் தொறக்குற வரைக்கும் உங்களையும் பாப்பாவையும் எவனும் பாக்கக் கூடாது. அதான் நானும் அதே ஓட்டை வழியா வந்து, செவுத்துப் பக்கம் திருப்பி வுட்டேன். சாருக்குத்தான் கஷ்டம். சொல்லுங்க, மன்னிச்சுக்கச் சொல்லி."

சரியென்று தலையாட்டிக் கதவைச் சாத்தினேன். கேமராவைத் தொட்டில் பக்கம் திருப்பினேன். அது அப்படியே நின்றது. செல் அடித்தது. எட்டு மணி.

"பாப்பா தெரியுதுடி" என்றார் குவைத்திலிருந்து அவர். அப்புறம் நெடுநேரம் பாப்பாவின் வயிறு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் கவனித்தேன். கதவைச் சாத்தியிருந்தேன், தாழ் போடவில்லை. படியில் இறங்கும் சத்தமும் கேட்கவில்லை.

தாழ்ப்பாளைப் போட்டேன். அதற்குப் பிறகுதான், தமிழழகன் படியிறங்கிப் போகும் சத்தம் கேட்டது.