எவாரிஸ்தோ எடுத்துக்கொடுக்கும் வசனம்

சால்தோ ஊர் அரங்கில் ஞாயிறு மதியக் காட்சி, சிரிப்பு நாடகம். வேலைக்காரி வேஷத்தில், தட்டோடு திரையோரம் நிற்கிறேன். மேடையின் முன்விளிம்பில் கூண்டுபோல் ஒரு பொந்து. அதற்குள் கழுத்தளவு அமிழ்ந்து வசனம் எடுத்துக்கொடுக்கிறார் எவாரிஸ்தோ. மேடையில் அவர் மனைவி தெல்ஃபினா, சபலப்பட்ட மனைவியாக. பெட்டியோடு வந்து கூப்பிடும் காதலனாக ரோமுலோ. "புருஷனை விட்டுட்டு வரமாட்டேன்" என்று சொல்லிச் சால்வையை அவிழ்த்துப் போட்டுவிட்டு அவள் உட்கார வேண்டும். நாற்பது காட்சிகளில் ஒருமுறைகூட மறக்காதவள் இன்று வாய் திறக்கவில்லை. "புருஷனை விட்டுட்டு..." எவாரிஸ்தோ கிசுகிசுக்கிறார். விளக்கொளியில் அவர் நெற்றி வியர்வை மின்னுகிறது. அவள் குனிந்து அவரையே பார்க்கிறாள். ரோமுலோவின் முகத்தில் நடிப்பு நின்றுபோகிறது. அவனுக்கும் அவளுக்கும் நிஜத்திலேயே உள்ள தொடர்பு குழுவில் எல்லாருக்கும் தெரியும். எவாரிஸ்தோவுக்கு மட்டும் தெரியாதென்று நினைத்திருந்தோம், பாவிகள். "வரமாட்டேன்னு சொல்லு, தெல்ஃபி." மூன்றாவது முறை கிசுகிசுப்பாக வரவில்லை. "போகாதடி! உன் கால்ல விழறேன், போகாத!" கடைசி வரிசைவரை கேட்டுவிடுகிறது. அரங்கமே குலுங்கிச் சிரிக்கிறது. முன்வரிசைப் பெண்மணி கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். இத்தனை காட்சியில் இப்படியொரு சிரிப்பு எங்களுக்குக் கிடைத்ததே இல்லை. தெல்ஃபினா சால்வையின் முடிச்சை இறுக்கிக்கொள்கிறாள்.