மூன்று லென்ஸும் ஒரு கடை வழக்கமும்

"மூணையும் மாட்டிப் பாத்துடுங்க சார். தெருக்கோடி மணிக்கூண்டு வரைக்கும் ஒரு லென்ஸுக்கு ஒரு நடை. போய்ப் படம் எடுத்துட்டு வந்து எது வேணும்னு சொன்னாத்தான் குடுப்போம். கடை வழக்கம்" என்றார் கேமரா கடைக்காரர்.

கணக்கு வாத்தியார் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் காற்றாடிக்கு நேரே கிடந்த நாற்காலியில் ஏற்கெனவே உட்கார்ந்தாகிவிட்டது.

ஓய்வு பெற்ற இந்த ஒரு வருடத்தில் வாத்தியார் பால்கனியை விட்டு இறங்கியது குறைவு. பழைய ஜூம் லென்ஸால் தெருவையே வீட்டுக்கு இழுத்துக்கொண்டிருந்தார். எதிர்வீட்டுப் பூனைக்கு எத்தனை மீசை என்று சொல்வார். எதிர்வீட்டுக்காரர் பெயரைக் கேட்டால் விழிப்பார்.

புகைப்படச் சங்கத்து நண்பர் ஒருவர், சின்னதாக ஓர் அகலக் கோண லென்ஸை எந்நேரமும் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்து பரிசு வாங்கிவிட்டார். அன்றிலிருந்து இவருக்கும் அது ஒன்றே ஆசை. ஆனால் எதை வாங்குவது? காட்சியை மிக அகலமாக விரிக்கும் 24 மில்லிமீட்டரா, 28-ஆ, 35-ஆ? இரண்டு மாதமாகச் சாப்பாட்டு மேசையில் அட்டவணை போட்டதுதான் மிச்சம்.

"இன்னிக்கு ஒண்ணை முடிவு பண்ணுங்க. இல்லேன்னா இந்த லென்ஸ் பேச்சே இனிமே வீட்டுல கூடாது" என்று காலையில் சொல்லிவிட்டார் மனைவி. மகள் வாங்கி அனுப்பிய புது ஷூவை வேறு அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்து மாட்டச் சொன்னார். "பெரிய கடைக்குப் போறோம், செருப்போடயா வருவீங்க?"

வாத்தியார் முதலில் 24-ஐ மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

"ஏங்க, போன் சட்டைப் பையிலயே இருக்கட்டும். கூப்பிட்டா எடுக்கணும்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

திரும்பி வந்து படத்தைக் காட்டினார். மனைவி கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

"இதுல மணிக்கூண்டு எங்க?"

"இதோ, இதான்."

"நான் யாரோ தீக்குச்சி நட்டு வெச்சிருக்காங்கன்னு நெனச்சேன்."

கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "கிட்டப் போய் எடுக்கணும் சார். இதுல ஜூம் கிடையாது. உங்க கால்தான் ஜூம்."

வாத்தியார் மறுபடி போய், மணிக்கூண்டின் அடிவரை நெருங்கி எடுத்துவந்தார். அடுத்தது 35. இதில் கூண்டு ஒழுங்காக வந்தது, ஆனால் உச்சி வெட்டுப்பட்டிருந்தது. முழுசாக வரவேண்டுமானால் பின்னால், பின்னால், பழக்கடையையும் தாண்டிப் போக வேண்டியிருந்தது. பழக்காரர், "என்ன சார், எங்க கடைக்குள்ளயே வந்துட்டீங்க!" என்று சிரித்தார். பெயரும் சொன்னார். பார்த்தால், எதிர்வீட்டுக்காரரே அவர்தான்!

வாத்தியார் வியர்த்து வழிந்து கடைக்குத் திரும்பியபோது, ஓர் இளம்பெண் வந்தாள், ஒரு லென்ஸைக் காட்டினாள், பணத்தைக் கொடுத்தாள், பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

"ஏம்ப்பா, அந்தப் பொண்ணுக்கு நடை கிடையாதா?"

"அவங்க... பழைய கஸ்டமர் சார்" என்று சொல்லிவிட்டு, ஏற்கெனவே பளபளவென்றிருந்த கண்ணாடி மேசையைத் துடைக்க ஆரம்பித்தார் கடைக்காரர்.

28-ஐ மாட்டிக்கொண்டு போனவர் வாயெல்லாம் பல்லாகத் திரும்பினார். மணிக்கூண்டு, அதன் கீழே சைக்கிள் துடைப்பவர், பக்கத்தில் வாலாட்டும் நாய், எல்லாம் ஒரே படத்தில், நெரிசல் இல்லாமல் உட்கார்ந்திருந்தன.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் மனைவி. "ஆனா அந்த 24-லயும் இன்னொரு தடவை பாத்துடலாமே? அப்புறம் வீட்டுக்கு வந்து, அதை வாங்கியிருக்கலாமோன்னு புலம்பக் கூடாது."

பழையபடி வேதாளம் முருங்கை மரம் ஏறியது. ஒரு நடை 24. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு நடை 28. கடைசியில் வாத்தியார் மேசையில் ஓங்கித் தட்டினார்.

"28-தான்! யார் சொன்னாலும் மாத்த மாட்டேன்!"

"உங்க இஷ்டம்" என்றார் மனைவி. "நான் என்னத்தைக் கண்டேன்?"

இரண்டு மாதப் போராட்டத்தில் ஜெயித்துவிட்ட பெருமிதம் வாத்தியாருக்கு. வீட்டுக்கு வந்ததும் சார்ஜ் போடுவதாகச் சொல்லி அவருடைய போனை வாங்கிக்கொண்டு மனைவி சமையலறைக்குள் போனார். புது லென்ஸின் முதல் படம் அவளாகத்தான் இருக்க வேண்டும், அதுவும் அவளுக்குத் தெரியாமல் எடுக்க வேண்டும் என்று வாத்தியாருக்குத் தோன்றியது. பழைய ஜூமாக இருந்தால் கூடத்து நாற்காலியிலிருந்தே எடுத்திருப்பார். இதில் கிட்டப் போயாக வேண்டுமே! பூனை மாதிரி அடிமேல் அடி வைத்துச் சமையலறை வாசல் வரை போய், கேமராவைக் கண்ணில் வைத்தார்.

மனைவி முதுகைக் காட்டி நின்று, தன் போனில், டாக்டராக இருக்கும் மகளிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"உங்கப்பா போன்ல நடைக் கணக்கை இப்பதான் பாத்தேன்டி, ஏழாயிரத்து இருநூறு ஸ்டெப்! நீ வருஷம் பூரா நடங்க நடங்கன்னு கத்தினே, இன்னிக்கு முட்டி வலின்னு ஒரு வார்த்தை சொல்லல. கடைக்காரருக்குத்தான் நன்றி சொல்லணும், நான் சொல்லிக் குடுத்த கடை வழக்கத்தை அப்படியே ஒப்பிச்சாரு... லென்ஸா? அந்த 28-ஐ நான் போன வாரமே எடுத்து வைக்கச் சொல்லிட்டேனே!"