பத்து நாள் பாராமுகம்

‘நாற்கோட்டை’ கணினிப் போர் விளையாட்டின் இரண்டாம் பாகத்துக்கு முன்பதிவு திறந்த அன்று, தூத்துக்குடி நண்பர்கள் மூவரும் குழு அழைப்பில் சண்டையே போட்டார்கள். கடின நிலையில்தான் ஆடுவேன் என்றான் இசக்கியப்பன். “மொத பாகத்துல எளிய நிலையிலயே பத்து தடவ தோத்தவன்தானல நீ?” என்று சிரித்தான் ரபீக். அவர்கள் இருவருக்கும் விலை தொள்ளாயிரம் ரூபாய். ஜெனிட்டாவுக்கு மட்டும் ஆறாயிரத்து நானூறு காட்டியது.

அவரவர் ஆர்வத்தை அளந்துதான் விளையாட்டு நிறுவனத்தார் விலை வைக்கிறார்கள் என்பது ஊரறிந்த விஷயம். விபத்தில் இறந்துபோன அண்ணன் பிராங்க்ளின் முதல் பாகத்தில் கட்டிய நகரத்துக்குள் அவள் தினமும் போய்வருவாள். கோட்டை வாசலில் அவன் பதிந்துவைத்த குரல், “வாட்டி, சாப்பிட்டியா?” என்று கேட்கும். அந்த நகரம் புதிய பாகத்திலும் தொடரும் என்று அறிவித்திருந்தார்கள்.

“எங்கண்ணன் நெனப்புக்கு வெலை போடுதானுவ!” என்று கொதித்தாள் ஜெனிட்டா.

“ஜவுளிக்கடைல செய்வோம்லா, அப்படிச் செய்யி,” என்றான் இசக்கியப்பன். “வேண்டாம்னு எந்திரிச்சு நட. அவனே கூப்பிட்டுக் கொறச்சுக் குடுப்பான். பத்து நாளைக்கு அந்த நகரத்துப் பக்கமே போவாத.”

பல்லைக் கடித்துக்கொண்டு பத்து நாளும் போகாமல் இருந்தாள். பதினோராம் நாள் விலை தொள்ளாயிரத்துக்கு இறங்கியிருந்தது. அதன் கீழே ஒரு குறிப்பு: ‘பழைய நகரத்தில் தங்களுக்கு ஆர்வம் இல்லை என அறிந்தோம். அதை அழித்துவிட்டு விலையைக் குறைத்துள்ளோம்.’

உடனே இசக்கியப்பனை அழைத்தாள்.

“எந்தக் கடைக்காரன்ல,” என்று கத்தினாள், “சேலையக் கொளுத்திப் போட்டுட்டுத் திரும்பக் கூப்பிடுவான்?”